கொண்டை இறங்காத கிளி

பாலாற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு கொய்யாத் தோப்பின் கடைசியில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் இருந்தவரைச் சாமி என்றார்கள். நாற்பத்தைந்து வயது. சாமி ஆவதற்கு முன் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அதனால் எதிரில் நின்று யார் கத்தினாலும் அவருக்குப் பழக்கம்.

அவருக்குச் சீடர்கள் நாலு பேர். அதில் மூத்தவர் வேதகிரி. வயது அறுபத்து மூன்று. கிரில், கேட் செய்யும் பட்டறை வைத்திருந்தார். குருவை விடச் சீடர் பதினெட்டு வயது பெரியவர் என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று வேதகிரிக்குத் தெரியும்.

அவர் எதையும் மறக்காதவர். மைத்துனன் கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் இரண்டாம் தடவை பாயசம் வராமல் போனதை இன்றைக்கும் சொல்வார். எத்தனாவது வரிசை, வாளியைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனவன் யார், அவன் போட்டிருந்த சட்டை என்ன நிறம், எல்லாம் வரும். முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனால் என்ன? பாயசம் வரவில்லை என்பது வரவில்லைதானே.

பதினோரு வருஷத்துக்கு முன் சாமியிடம் வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கோபத்தை எப்படி விடறது?" சாமி அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இதுவரையும் சொல்லவில்லை. அதிலும் வேதகிரிக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாமி தன் துண்டைத் துவைத்துக்கொண்டிருந்தார். பட்டறையின் மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு வேதகிரி வந்து சேர்ந்தார். வண்டியில் ஒரு கூண்டு படுத்திருந்தது. இறக்கி நிறுத்தினார். நிறுத்தினால் ஏழடி.

"சாமி, இதைப் பாருங்க. பார்த்துட்டு ஒரு நியாயம் சொல்லுங்க."

சாமி பார்த்தார். கீழே நாலு கால். மேலே கோபுரம் மாதிரி வளைவு. பக்கமெல்லாம் கொடியும் இலையும் வளைத்து, தங்க நிறப் பெயின்ட்.

"என்ன ராடு?"

"எட்டு எம்.எம். சட்டம் முழுக்க சதுர பைப்."

"உள்ளே புலியா அண்ணே?"

"நீங்களுமா சாமி? அந்தப் பொம்பளையும் இதையேதான் கேட்டா."

"எந்தப் பொம்பளை?"

"எஸ்தர். ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட கிளிப் பண்ணை வெச்சிருக்காளே. எனக்குக் கிளி தர மாட்டேன்னுட்டா சாமி. மூஞ்சிக்கு நேரா. ரெண்டு பேர் பார்த்துக்கிட்டிருக்கறப்போ."

"தரலைன்னா விட்டுடுங்க."

"எப்படி விடறது?" வேதகிரியின் கழுத்து சிவந்தது. "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். பாக்கியம் என்கிட்ட இது வேணும் அது வேணும்னு ஒண்ணும் கேட்டதில்ல. போன மாசம் சோறு போட்டுக்கிட்டே, 'ஏங்க, நாம ஒரு கிளி வளர்க்கலாமா'ன்னா. நான் மறுபேச்சு பேசினேனா? இல்ல. அன்னிக்கு சாயந்திரமே ராடு வெட்ட உட்கார்ந்துட்டேன். எந்தப் புருஷன் செய்வான்?"

"கிளியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே கூண்டா?"

"ஏன், செய்யக் கூடாதா?"

"ஜன்னலை அளக்காம கிரில் செய்வீங்களா?"

வேதகிரி அந்தக் கேள்வியை மட்டும் மனதில் குறித்துக்கொண்டார்.

சாமி எழுந்து கூண்டின் அருகே போனார். கதவு உச்சியில் இருந்தது. கதவுக்கு மேல் தாழ்ப்பாள். கையைத் தூக்கினார், எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினார். விரல் நுனி பட்டது. தாழ்ப்பாள் நகரவில்லை.

"நீங்க கொஞ்சம் குள்ளம் சாமி," என்றார் வேதகிரி. தானே எட்டி ஒரு விரலால் தள்ளினார். 'டக்' என்று திறந்தது. "பார்த்தீங்களா, வெண்ணெய் மாதிரி."

"தீனி யார் வைப்பாங்க?"

"பாக்கியம்தான்."

"அவங்க என்ன உயரம்?"

வேதகிரி தெருவில் நடந்துகொண்டே எதிர்வீட்டு ஜன்னலின் அளவைக் கால் இன்ச் பிசகாமல் சொல்வார். இப்போது யோசித்தார்.

"உங்களை விடக் குள்ளம்தான். ஸ்டூல் போட்டுக்குவா. அதை விடுங்க சாமி, நடந்ததைக் கேளுங்க."

சாமி உட்கார்ந்து கேட்டார்.

நடந்தது இது.

போன வாரம் புருஷனும் பெண்டாட்டியும் எஸ்தர் பண்ணைக்குப் போனார்கள். எஸ்தருக்கு ஐம்பது வயது. முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். தோளில் ஒரு குட்டிக் கிளி.

"பச்சைக்கிளி கேட்காதீங்க," என்றாள் முதலிலேயே. "அது காட்டுக் கிளி, வளர்த்தா கேஸ். என்கிட்ட இருக்கறதெல்லாம் கூண்டுலயே பொறந்த வெளிநாட்டுச் சாதி."

வாசல் ஓரத்தில் பெரிய சாம்பல் கிளி ஒன்று. சிவப்பு வால். இவர்களைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்றது.

வேதகிரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவரை யாரும் அப்படி இரண்டு தடவை வாங்க என்று சொல்லி நாளாகியிருந்தது.

"பாக்கியம், இதுதான். முடிஞ்சுது." எஸ்தரிடம் திரும்பினார். "புதுசா சொல்லிக் கொடுத்தா கத்துக்குமா?"

"தினம் சொன்னா கத்துக்கும்."

"'நாலு இன்ச் எங்க'ன்னு கேட்குமா?"

"என்ன நாலு இன்ச்?"

அதைச் சொல்ல வேண்டும்.

வேதகிரியின் பக்கத்து வீட்டுக்காரர் துரைக்கண்ணு. பதினோரு வருஷத்துக்கு முன் வீடு எடுத்துக் கட்டியபோது அவருடைய அஸ்திவாரம் வேதகிரியின் மனைக்குள் நாலு இன்ச் வந்துவிட்டது. சர்வேயர் வந்து அளந்து, அப்படி ஒன்றும் இல்லை என்றார். சர்வேயர் சொன்னால் ஆச்சா? வேதகிரியின் டேப்பில் நாலு இன்ச் இருந்தது. அன்றைக்கே அம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். நானோ என் வீட்டு ஆளோ அந்த வீட்டோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அது வரைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவே முள்வேலிதான் இருந்தது, அதில் ஆள் நுழைகிற மாதிரி ஒரு சந்து. அந்த இடத்தில் ஏழடிச் சுவர் எழுப்பினார். மேலே வரிசையாக ஈட்டி முனைக் கம்பி. எல்லாம் அவர் கை வேலை.

பதினோரு வருஷமாகச் சத்தியத்தை மீறவில்லை. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. பேசக் கூடாது என்றால் கேட்கவும் முடியாது. 'என் நாலு இன்ச் எங்கடா?' என்று ஒரு தடவை கூட அவன் மூஞ்சியைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. ஒரு மனுஷனுக்கு அது எப்படி இருக்கும்?

கிளி கேட்டால்? கிளி கற்பூரம் ஏற்றவில்லை. கூண்டைச் சுவர் ஓரமாக வைத்தால் போதும். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை.

வேதகிரி இதை எஸ்தரிடம் சந்தோஷமாக விளக்கினார். பாக்கியத்துக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த இடத்தை விட்டு நகர்ந்து பண்ணைக் கொட்டகையின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

அங்கே ஒரு கூண்டில் வெளிர் மஞ்சளில் ஒரு சின்னக் கிளி. கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. தலையில் கொண்டை. கொண்டைக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்கு இறகே இல்லை, வெறும் தோல்.

"இது," என்றாள் பாக்கியம்.

"எது? இதா?" வேதகிரி ஓடி வந்தார். "மண்டையில முடியே இல்லையே!"

"அதனால என்ன? வீட்டுல பார்த்துப் பழகினதுதானே."

பக்கத்தில் புறாத் தீவனம் வாங்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். வேதகிரி அவர்களை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

"இது பேசுமா?" என்று எஸ்தரைக் கேட்டார்.

"இது காக்டெய்ல்னு ஒரு சாதி. ஆணா இருந்தா விசில் அடிக்கும், ஒண்ணு ரெண்டு வார்த்தை வந்தாலும் வரும். இது பொட்டை. பேசாது."

"பேசாத கிளியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"எனக்கு இதுதான் வேணும்," என்றாள் பாக்கியம்.

"அந்தச் சாம்பல் கிளிக்கு என்ன குறைச்சல்?"

"அது உங்களுக்கு. இது எனக்கு. கிளி கேட்டது நான்."

"கூண்டு செஞ்சது யாரு?"

"கூண்டை நான் கேட்கலையே."

இப்படி அரை மணி நேரம். கடைசியில் வேதகிரி விட்டுக்கொடுத்தார். இதை அவர் சாமியிடம் மூன்று தடவை சொன்னார். "நான் விட்டுக்கொடுத்தேன் சாமி. நான்!" உண்மைதான், விட்டுக்கொடுத்தார். பொட்டையோ ஆணோ, விடாமல் சொல்லிக் கொடுத்தால் எந்தக் கிளிதான் பேசாது என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார்.

ஆனால் எஸ்தர் உடனே கிளியைத் தரவில்லை. அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. முதல் முதலாகக் கிளி வளர்க்க வருகிறவர்களை ஒரு மணி நேரம் ஒரு சின்ன அறையில் உட்கார வைப்பாள். நடுவில் மேஜை. மேஜையில் கிளி. கிளிக்கு முன்னால் ஒரு தட்டில் தினை.

"சாயந்திர நேரத்துல வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க," என்றாள். "அது தினையைக் கொறிச்சா எடுத்துட்டுப் போகலாம்."

"பொண்ணு பார்க்கப் போனப்ப கூட என்னை யாரும் இப்படிச் சோதிக்கல."

"அதை அவங்கதான் சொல்லணும்," என்று பாக்கியத்தைக் காட்டிவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

ஒரு மணி நேரம் ஆனது. கிளி மேஜையின் ஓரத்திலேயே நின்றது. தினையின் பக்கம் திரும்பவில்லை. கொண்டை மட்டும் ஆணி அடித்த மாதிரி நேராக நின்றது; கிளி பயந்திருந்தால் அது இறங்காது.

எஸ்தர் உள்ளே வந்தாள். கிளியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டுக்கு நான் கிளி தர மாட்டேன்," என்றாள்.

இதுதான் நடந்தது.

"சொல்லுங்க சாமி," வேதகிரி தொடையில் தட்டினார். "இவ யாரு எனக்கு நல்லவன் கெட்டவன்னு சீட்டுக் கொடுக்கறதுக்கு? நான் குடிக்கறதில்ல. பெண்டாட்டி மேல கை நீட்டினதில்ல. அறுபத்து மூணு வயசுல ஒருத்தி கொண்டையைக் காட்டி என்னைத் தள்ளி விடறா! இவ உங்க பேச்சுக்கு மரியாதை தருவா. நீங்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. எனக்காகக் கேட்கல. பாக்கியம் அன்னிக்கிலேருந்து வாய் திறக்கல. எட்டு நாள் ஆச்சு. சோறு வெக்கறா, தண்ணி வெக்கறா, பேச மாட்டேங்கறா. கிளி கிடைக்கலைன்னு அவ்வளவு வேதனை."

"கிளி கிடைக்காததுக்கா?"

"பின்னே வேற எதுக்கு?"

சாமி துண்டைப் பிழிந்தார்.

"அந்த ஒரு மணி நேரம் என்ன பேசினீங்க?"

இதற்கு வேதகிரியிடம் தயக்கமே இல்லை. முதலில் 'நாலு இன்ச்' என்று நாற்பது தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறார். கிளி கவனிக்கவில்லை. விஷயம் புரிந்தால் கற்றுக்கொள்ளும் என்று அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து கிளிக்குச் சொன்னார். துரைக்கண்ணு வீட்டில் சர்வேயர் மோர் குடித்ததைச் சொன்னார். பேச்சோடு பேச்சாகப் பாயசத்தையும் சொன்னார். பிறகு மறுபடியும் நாலு இன்ச். கிளி தூங்கிவிடக் கூடாது என்று நடுநடுவே மேஜையைத் தட்டியும் இருக்கிறார். எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் சாமிக்கு முன்னால் ஒப்பித்தார். சாமி நடுவில் ஒரு கொய்யாப்பழத்தைத் தின்று முடித்தார்.

"எஸ்தர் வேற ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா, ஒரு பொய். 'கொண்டை ஒரே ஒரு வாட்டி இறங்கிச்சு, அம்மா கிட்ட குனிஞ்சு ஏதோ சொன்னப்போ. தட்டுப் பக்கம் ரெண்டு அடி கூட வெச்சுது. அப்ப நீங்க மேஜையைத் தட்டினீங்க'ன்றா. நான் அங்கேயே உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அதான் சொன்னேனே. கொண்டை இறங்கிச்சுன்னு..."

"எஸ்தர் இல்ல. உங்க வீட்டம்மா. கிளிகிட்ட குனிஞ்சு என்ன சொன்னாங்க?"

வேதகிரி கூண்டைப் பார்த்தார். கொய்யா மரத்தைப் பார்த்தார்.

"மறந்துட்டீங்களா அண்ணே?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"மறக்கறதா? நானா? காதுல விழுந்திருந்தாத்தானே மறக்கறதுக்கு!"

சொன்ன வேகத்தில் எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாதவர் போல அப்படியே நின்றார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க," என்றார் சாமி.

"இப்பவா?"

"இப்பவே."

"கூண்டு?"

"இருக்கட்டும். யாரும் தூக்கிட்டுப் போக முடியாது."

வேதகிரி வெறும் வண்டியை மிதித்துக்கொண்டு போனார். வழியெல்லாம் கொதித்தது. நியாயம் கேட்கப் போனவனை வேலைக்காரன் மாதிரித் திருப்பி அனுப்புகிறாரே என்று.

பாக்கியம் வீட்டுக்குப் பின்னால் இருந்தாள். ஏழடிச் சுவர் ஓரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈட்டி முனைக் கம்பியில் கட்டிய கொடி அவளுக்கு எட்டாது. ஒரு கழியால் புடவையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம், அன்னிக்குக் கிளிகிட்ட என்ன சொன்னே?"

அவள் திரும்பவில்லை.

"உன்னைத்தான் கேட்கறேன். குனிஞ்சு ஏதோ சொன்னியாமே?"

கழி மேலே போய்க் கீழே வந்தது.

"சாமி கேட்டுட்டு வரச் சொன்னாரு."

அப்போது திரும்பினாள். எட்டு நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"சாமி கேட்கறதுன்னா சாமிகிட்டயே சொல்லிக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னா மட்டும் கேளுங்க."

ஒரு கிளியிடம் சொன்ன பேச்சுக்கு இத்தனை நிபந்தனையா?

"சரி. நான்தான் கேட்கறேன்."

"பேர் வெச்சேன்."

"என்ன பேரு?"

"கஸ்தூரி."

அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒலித்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கஸ்தூரி, துரைக்கண்ணுவின் மனைவி. முன்பு வேலிச் சந்து வழியாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இங்கே வருவாள். பாக்கியம் பத்துத் தடவை அங்கே போவாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிரைண்டர்தான் ஓடும்.

"அவ பேரா?" வேதகிரி கத்தினார். "என் வீட்டுக் கிளிக்கு அவ பேரா?"

"ஆமாம்."

"எதிரி வீட்டுப் பேரை..."

"யாருக்கு எதிரி?" பாக்கியம் கழியைத் தரையில் ஊன்றினாள். "நாலு இன்ச் போனது உங்களுக்கு. கற்பூரம் ஏத்தினது நீங்க. நான் ஏத்தினேனா? என்னைக் கேட்டுக்கிட்டா ஏத்தினீங்க? அவ மாமியார் செத்த அன்னிக்கு இந்தச் சுவத்துல காதை வெச்சுக்கிட்டு நின்னேன். அவ அழறது கேட்டுது. பத்தடி தூரம். எனக்கு அம்மை போட்டப்போ ராவும் பகலும் வேப்பிலையால விசிறினவ அவ. அவ அழறப்போ நான் இங்க உலர்த்த வந்த ஈரப் புடவையோட நின்னுக்கிட்டிருந்தேன். போக முடிஞ்சுதா?"

வேதகிரிக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. துரைக்கண்ணு பந்தல் போட்டதில் ஒரு கால் தன் பக்கம் சாய்ந்திருந்தது. அதுதான் ஞாபகம் இருந்தது.

"பேசறதுக்கு ஒரு ஜீவன் வேணும்னுதான் கிளி கேட்டேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து போய் ஒண்ணை எடுத்துட்டு வரலாம்னு ஆசைப்பட்டேன். முப்பத்தாறு வருஷத்துல அப்படி எதை எடுத்தோம்? கடைசியில அதையும் உங்க சண்டைக்கு ஆள் சேர்த்துட்டீங்க."

"அதான் விட்டுக்கொடுத்தேனே. உன் மொட்டைக் கிளிதான்னு ஒத்துக்கிட்டேனே."

"பேசாத கிளியா ஏன் எடுத்தேன் தெரியுமா?"

"ஏன்?"

"பேசற கிளின்னா, நான் சொல்றதையெல்லாம் உங்ககிட்ட சொல்லிடும்."

அவள் அடுத்த புடவையைக் கழியில் மாட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

வேதகிரி திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. சாமி கூண்டை மரத்தடிக்கு இழுத்துப் போட்டிருந்தார். அதன் கம்பியில் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் வேதகிரி அதற்கே ஒரு வாரம் வராமல் இருந்திருப்பார். இன்றைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

வேதகிரி ஒரு சருகை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"கஸ்தூரின்னு பேர் வெச்சிருக்கா."

"யாரு கஸ்தூரி?"

"பக்கத்து வீட்டுக்காரி."

சாமி தலையை ஆட்டினார். அந்த ஆட்டம் வேதகிரிக்குப் பிடிக்கவில்லை. சருகை வீசினார்.

"இப்ப நான்தான் குத்தவாளி, இல்லையா? சர்வேயர் இல்லைன்னான். ஊர்ல இல்லைன்னாங்க. இப்ப என் பெண்டாட்டியும் அந்தப் பக்கம். யார் என்ன சொன்னாலும் நாலு இன்ச் நாலு இன்ச்தான் சாமி! அது என்னோடது!"

"உங்களோடதுதான்."

வேதகிரி நிமிர்ந்தார். பதினோரு வருஷத்தில் அதை ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை.

"நிஜமாவா சொல்றீங்க?"

"நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்."

வேதகிரி அடுத்துச் சொல்ல வைத்திருந்த எல்லாம் கையில் அப்படியே நின்றுவிட்டது.

சாமி கூண்டைக் காட்டினார்.

"அண்ணே, இதைப் பிரிச்சா ஒரு கேட்டுக்கு உண்டான கம்பி தேறுமா?"

பட்டறைக்காரரின் கண் தானாக ஓடியது. மேலிருந்து கீழ். பிறகு குறுக்கே.

"ரெண்டரை அடிக்கு ஆறடி வரும். சட்டம் கூட இதுலயே ஆயிடும். கொஞ்சம் ராடு மீறும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

"சாமி! சுவத்துலயா? நான் கற்பூரம் ஏத்தியிருக்கேன்!"

"நீங்க அந்தப் பக்கம் போக வேணாம்."

"நான் மட்டுமில்ல, என் வீட்டு ஆளும்தான்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கழியை ஊன்றியபடி பாக்கியம் நின்றது கண்ணில் வந்தது. நானா ஏத்தினேன்?

கொய்யா மரத்தில் ஒரு காட்டுக் கிளிக் கூட்டம் வந்து இறங்கியது. பாதிக் காயைக் கடித்துக் கீழே போட்டது. இருவரும் பார்த்தார்கள்.

"அப்ப கிளி வேணாமா?"

"என்னையா கேட்கறீங்க?"

வேதகிரி எழுந்தார். கூண்டை வண்டியில் ஏற்றக் கை வைத்தார். மறுபடியும் கோபம் வந்தது. ஏதாவது ஒன்றில் பிடி இல்லாமல் அவரால் எப்படிப் போக முடியும்?

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் சாமி. கேட் போட்டாலும் தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருக்கும். அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். யார் சொன்னாலும் சரி."

சாமி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்க பக்கமே வையுங்க அண்ணே," என்றார். "வீட்டம்மா கைக்கு எட்டற உயரத்துல வையுங்க."